ஒரு ஓம், இரண்டு மாப்பிள்ளைகள்

மற்றவர்கள் 'ஆமாம்' என்னும் இடத்தில் எங்கள் ஆட்கள் ஒரு நாளைக்கு நூறு தரம் 'ஓம்' சொல்வார்கள். அதில் 'சம்மதம்' என்ற பொருளில் வருவது ஒன்றோ இரண்டோதான். மிச்சமெல்லாம் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்', 'மேலே சொல்லு', 'இதை முந்தியும் சொன்னனி', 'சரி, இப்ப ஆளை விடு' என்ற வகையறா. போனில் மைத்துனரோடு கதைக்கும்போது நான் அரை மணி நேரம் 'ஓம்... ஓமோம்... ஓம்' என்று ஓதிவிட்டு வைப்பேன். என்ன சொன்னார் என்று மனைவி கேட்டால் எனக்குத் தெரியாது. இதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. மரியாதையின் ஒரு வகை என்றுதான் நினைத்திருந்தேன். அமெரிக்கப் பாலைவனம் ஒன்றில், ஒரே நாளில், என் ஒரே மகளை இரண்டு மாப்பிள்ளைமாருக்குப் பேசி முடிக்கும்வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மகள் பெயர் அபி. அப்போது முப்பதைத் தொடக் கொஞ்சம் இருந்தது. ரொறன்ரோ டவுன்டவுனில், அடுக்குமாடிக் கொண்டோ ஒன்றில் தனியாக இருந்தாள். எங்கள் வீடு நகரத்தின் கிழக்கு ஓரத்தில், ரூஜில். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சாப்பிட்டுவிட்டு, மிச்சக் கறியைக் கட்டிக்கொண்டு போவாள். கிழமை முழுக்கக் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருப்பவள், லீவு கிடைத்தால் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவாள். இந்தக் குணம் யார் பக்கத்திலிருந்து வந்தது என்று இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் விசாரித்துப் பார்த்தோம். ஒருவரும் பொறுப்பேற்கவில்லை.

ஒரு ஞாயிறு, சாப்பாட்டு மேசையில் சொன்னாள்.

"அப்பா, நான் யூட்டா போறன். டெசர்ட். ஜீப் எடுத்து ஓஃப்-ரோட் ஓடி, அங்கயே காம்ப் பண்ணுறது. நீங்களும் வாறீங்களா? ஜஸ்ட் யூ அண்ட் மீ."

எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. வளர்ந்த பிள்ளை தன்னோடு வா என்று தகப்பனைக் கூப்பிடுவது எத்தனை பேருக்குக் கிடைக்கும்? என் மனைவி ராணிதான் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஊர்ச் சண்டையில தறப்பாளுக்குக் கீழ படுத்துக் களைச்சுத்தானே இஞ்ச ஓடி வந்தனாங்கள்? இப்ப காசு குடுத்துப் போய்ப் படுக்கப் போறியளோ?"

நான் எழும்பிக் கராஜுக்குள் போய், அடுக்கிக் கிடந்த பெட்டிகளைத் திரும்ப அடுக்கினேன்.

அந்தச் சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போனோம். (ஒரு வயதுப் பிள்ளைக்கு, அறுநூறு பேர் கொள்ளும் மண்டபம். பிள்ளை தொடக்கத்திலிருந்து கடைசிவரை நித்திரை.) அங்கே மேசை மேசையாகப் போய் என் பாலைவனப் பயணத்தைப் பிரகடனம் செய்தேன். துபாயில் இரண்டு வருடம் ஏசிக் கடையில் வேலை செய்த ஒருவர், பாலைவனம் பற்றி எனக்கு வகுப்பெடுத்தார். "எனக்கு ஜீப் எல்லாம் புதுசில்லை, ஊரிலை வயல் உழுகிற ரக்டர் ஓடின ஆள்" என்று நான் அவரை வெட்டினேன். (ஓடவில்லை. மட்காட்டில் குந்தியிருந்து போனேன். சின்ன வயதில், ஒரே ஒரு தடவை.)

பயணத்துக்கு முதல் நாள் ராணி குசினியில் சமையலை விட்டுவிட்டு வந்து, நான் பார்த்துக்கொண்டிருந்த ஹொக்கி மட்சின் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சொன்னாள்:

"றிச்மண்ட் ஹில் மாப்பிள்ளை ஆக்கள் திரும்பப் போன் எடுத்தவை. பெடியன் பல் டொக்டர். சாதகமும் நல்லாப் பொருந்தியிருக்கு. உவள் அபி என்னட்டை முகம் குடுத்துக் கதைக்கிறாள் இல்லை. உங்களோடதானே தனியப் போறாள்? ஆறுதலாக் கேட்டு, ஒரு ஓம் வாங்கிக்கொண்டு வாங்கோ. அதுக்குத்தான் உங்களை விடுறன். விளங்கிச்சோ?"

"ஓம்" என்றேன். கண் ரீவியில் இருந்தது.

லாஸ் வேகாஸில் இறங்கி, ஜீப்பை வாடகைக்கு எடுத்து, நாங்கள் யூட்டாவுக்குள் புகுந்தபோது எனக்கு முதலில் தோன்றியது, இவ்வளவு நிலம் சும்மா கிடக்கிறதே, ஒருவரும் பிளான் போட்டு வீடு கட்டவில்லையே என்பதுதான். சிவப்பு மலை, சிவப்பு மண், நடுவில் எங்கள் ஜீப். அபி என் கையில் உள்ளங்கையளவு கருவி ஒன்றைத் தந்தாள். போன் வேலை செய்யாத இடத்திலும் செய்மதி, அதாவது செயற்கைக்கோள், மூலம் மெசேஜ் அனுப்பும் கருவி. தலைக்கு மேலே வானம் வெளியாகத் தெரிய வேண்டுமாம். மலைக்கு அடியில் நின்று அனுப்பினால், மெசேஜ் உள்ளேயே காத்திருந்து, வெளி கிடைத்ததும் தானாகப் போகுமாம்.

"அப்பா, அம்மாவோட கதைக்கிறது உங்கட ஜொப். வேற ஒண்டையும் தொடாதீங்கோ. ஓகே?"

"ஓம்" என்றேன்.

ராணி அந்தக் கருவியைத் தொலைபேசியாகவே பாவித்தாள். 'பாம்பு இருக்கோ?', 'குளிரோ?', 'சொக்ஸ் போட்டனியளோ?', 'கேட்டனியளோ?' என்று பத்து நிமிடத்துக்கு ஒரு கீச்சு. கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் பதில் அனுப்பவில்லை. எப்படித் தொடங்குவது என்றே எனக்குத் தெரியவில்லை. நடுவழியில் ஒருமுறை முயன்று பார்த்தேன்.

"பிள்ளை, பல்லு ஒண்டும் நோகேல்லையே?"

"வொய்?"

"இல்லை, சும்மா. இந்தக் காலத்துப் பல் டொக்டர்மார் நல்லாப் பாக்கினமாம்."

அபி என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தாள். அதோடு அந்த முயற்சி முடிந்தது.

மணல் பாதை தொடங்கும் இடத்தில் ஜீப்பை நிறுத்தினாள். நான் அவசரமாக ஒரு போத்தல் தண்ணீரோடு பாறைக்குப் பின்னால் போனேன். (கடதாசியோடு போகும் வழக்கம் எங்கள் பரம்பரையில் இல்லை.) திரும்பி வந்தபோது அவள் ஜீப்பின் ரயர்களுக்குப் பக்கத்திலிருந்து எழும்பிக் கையைத் தட்டிக்கொண்டிருந்தாள். என்ன செய்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

ஒரு பெரிய மலைச்சுவருக்கு அடியில் கூடாரம் போட்டோம். சமையல் என் பொறுப்பு. ராணி கட்டித் தந்த அரிசியைச் சட்டியில் போட்டு, தண்ணீர் விட்டுக் களைந்து ஊற்றினேன். இரண்டாம் தரமும் களைந்து ஊற்றினேன். மூன்றாம் தரத்துக்குத் தண்ணீர்க் கேனைச் சரிக்கும்போது அபி ஓடி வந்தாள்.

"அப்பா! அது நாளைக்குக் குடிக்கிற தண்ணி!"

"பிள்ளை, களையாமல் சோறு காய்ச்சுறதோ? மனுசர் தின்னுறதில்லையோ?"

அவள் கேனைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். சோறு அடிப்பிடித்தது. அதையும் சம்பலையும் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிந்ததும் அவள், "அப்பா, ஐ வோண்ட் டு டெல் யூ சம்திங்" என்று தொடங்கினாள். எனக்குச் சோறு பற்றித்தான் சொல்லப்போகிறாள் என்று பயம். "நாளைக்குக் கதைப்பம் பிள்ளை, களைப்பாயிருப்பாய்" என்று எழும்பிவிட்டேன். அவளிடம் கேட்க வேண்டிய கேள்விக்கு நான் பயந்த மாதிரியே, என்னிடம் சொல்ல வேண்டிய சொல்லுக்கு அவளும் பயந்துகொண்டிருந்தாள் என்று எனக்கு அப்போது தெரியாது.

காலையில் நான் கண் விழித்தபோது அவள் சூரிய உதயத்தைப் படம் எடுக்க மலைப்பக்கம் ஏறிப் போயிருந்தாள். நான் ஜீப்பைச் சுற்றி வந்தேன். நாலு ரயரும் காற்றுப் போய், நிலத்தில் சப்பட்டையாகக் கிடந்தன.

கனடாவுக்கு வந்த நாளிலிருந்து நான் ரயர்க் காற்று விஷயத்தில் கவனமான ஆள். குளிர் தொடங்கினால் அயலவர் காரையும் குனிந்து பார்ப்பேன். என் பிள்ளை இந்த வனாந்தரத்தில் நாலு ரயரும் போய் நிற்கப்போகிறாளே என்று பதறி, ஜீப்புக்குப் பின்னால் கிடந்த காற்றடிக்கும் சின்ன மெசினை எடுத்தேன். கதவில் ஒட்டியிருந்த அளவைப் பார்த்து, நாலுக்கும் வஞ்சகமில்லாமல் அடித்தேன். ரயர்கள் கும்மென்று எழும்பின. அவளுக்குச் சொல்லாமல் விடுவோம், அப்பா இருந்தபடியால் தப்பினோம் என்று தானாக ஒருநாள் கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்து மெசினை இருந்த இடத்தில் வைத்தேன். அந்தப் பெருமையில், மிஞ்சிய சோற்றையும் வழித்துச் சாப்பிட்டேன்.

அந்த நேரம் கருவி கீச்சிட்டது. ராணி. 'சாப்பிட்டாச்சோ?'

'ஓம்' என்று தட்டி அனுப்பினேன். மலைச்சுவர் வானத்தின் பாதியை மறைத்துக்கொண்டிருந்தது. ராணியின் கேள்வி எப்படியோ வந்துவிட்டது; என் ஓம் போகவில்லை. கருவிக்குள்ளேயே குந்தியிருந்தது.

சாமான்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். மணலில் கொஞ்சத் தூரம் போனதும் ஜீப் உறுமியது, ஆடியது, பிறகு பின்பக்கத்தால் மணலுக்குள் இருந்துவிட்டது. அபி காலால் இன்னும் கொஞ்சம் வேகத்தை அமத்திப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் புதைந்தது. இறங்கிப் போய் ரயரைப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா. டிட் யூ டச் த ரயர்ஸ்?"

"காத்தில்லாமல் கிடந்தது பிள்ளை. நாலும். நான் அடிச்சு விட்டனான்." நன்றிக்காகக் காத்திருந்தேன்.

"நான்தான் இறக்கினனான்!"

மணலில் ஓடுவதற்குக் காற்றைக் குறைக்க வேண்டுமாம். அப்போதுதான் ரயர் அகன்று மணலுக்கு மேலே போகுமாம். காற்று நிறைந்தால் தோண்டிக்கொண்டு கீழே போகுமாம். இதைச் சொல்லும்போது அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும். மண் கிண்டும் சவலை எடுத்துக்கொண்டு முன் ரயருக்குப் போனாள். நான் சோற்றுச் சட்டி மூடியோடு பின் ரயருக்குக் கீழே குனிந்தேன்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கிண்டக் கிண்ட மணல் திரும்பி வந்து விழுந்தது. என் மண்டைக்குள் ஒரே ஒரு யோசனைதான்: நேற்று அரிசி களைந்து ஊற்றிய தண்ணீர். அந்த இடத்தை நான் மனதால் நக்கிக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட நேரத்தில்தான் முன் ரயரிலிருந்து அபியின் குரல் வந்தது.

"அப்பா, எனக்கு ஒராள் இருக்கு."

"ஓம்" என்றேன்.

"பேர் கெவின். எங்கட ஆக்கள்தான். மன்னார். வேதக்காரர். கிறிஸ்டியன்ஸ்."

"ஓம்."

"ஃபமிலி விட்பில இருக்கினம். அவன் நேர்ஸ்."

"ஓமோம்." (மூடி ஒரு கல்லில் பட்டு வளைந்துவிட்டது.)

"அதுக்குத்தான் உங்களை இங்க கூட்டிக்கொண்டு வந்தனான். வீட்டில சொன்னா நீங்க எழும்பிக் கராஜுக்குள்ள போயிடுவீங்க. இங்க கராஜ் இல்லை."

"ஓம்."

சவல் சத்தம் நின்றது.

"அப்ப... உங்களுக்கு ஓகேயா அப்பா?"

"ஓம் பிள்ளை, நீ கிண்டு."

அடுத்த கணம் அவள் ஓடி வந்து, முழங்காலில் நின்ற என்னை அப்படியே கட்டிப்பிடித்தாள். கழுத்தெல்லாம் மணலும் கண்ணீரும். அப்போதுதான், என் காது முந்தியே வாங்கி வைத்திருந்த சொற்கள் ஒவ்வொன்றாக மூளைக்குள் இறங்கின. கெவின். மன்னார். வேதக்காரர். நேர்ஸ். பொறு பிள்ளை, திரும்ப ஒருக்கால் சொல்லு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவள் என்னை இப்படிக் கட்டிப்பிடித்து எத்தனையோ வருடம். என்னால் அந்தக் கையைத் தட்டிவிட முடியவில்லை. சட்டி மூடியைப் பிடித்தபடி அப்படியே இருந்தேன்.

அவள் பாட்டுப் பாடிக்கொண்டு நாலு ரயரிலும் காற்றை இறக்கினாள். நான் தள்ளினேன். (தள்ளியதால்தான் வந்தது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.) ஜீப் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு எழும்பி வந்தது. மலையை விட்டு வெளியான நிலத்துக்கு வந்ததும் கருவி 'ரிங்' என்று ஒரு சத்தம் போட்டது. இரவு முழுக்க நான் நேரம் பார்க்க அமத்தி அமத்தி அதன் பற்றரியைக் குடித்திருந்தபடியால், அந்தச் சத்தத்தோடு கண்ணை மூடிவிட்டது. கடைசி மூச்சில் என் 'ஓம்' போயிருந்தது.

தார் ரோட்டுக்கு வந்து நெடுநேரம் ஓடிய பிறகுதான் போன்களுக்கு உயிர் வந்தது. என் போன் சட்டைப்பைக்குள் கிடந்து துள்ளியது. 'வாழ்த்துகள் அண்ணை!' 'இனிப் பல்லுக்குச் செலவில்லை!' 'மண்டபம் எது?' 'பாலைவனத்தில் பூத்த சம்பந்தம்!' துபாய்க்காரர் ஒட்டகம் ஒன்று மாலை போட்டிருக்கும் படம் அனுப்பியிருந்தார். எனக்கு விஷயம் பிடிபடுவதற்குள் ஜீப்பின் ஸ்பீக்கரில் ராணியின் குரல் முழங்கியது. அபி தன் போனை ஜீப்போடு இணைத்திருந்தாள்.

"பிள்ளை! அப்பா ஓம் எண்டு போட்டவர். எனக்கு அழுகையே வந்திட்டுது. உடனேயே எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்!"

அபியின் முகம் மலர்ந்தது. "அம்மா! ரியலி? உங்களுக்கும் ஓகேயா?"

"எனக்கென்ன? நான்தானே முதல்ல சொன்னனான், நல்ல இடம் எண்டு!"

"அம்மா, ஐ லவ் யூ! உங்களுக்கு எப்பிடித் தெரியும்? கெவின்ட அம்மாவோட கதைச்சிட்டீங்களா?"

நான் கண்ணாடி வழியாக ஒரு கள்ளிச்செடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கெவின் எண்டது ஆர்?" என்றாள் ராணி.

நடந்தது இதுதான். நான் சாப்பாட்டுக்கு அனுப்பிய ஓம், கருவிக்குள் கிடந்தது. அதற்கிடையில் ராணி, 'அவையள் மறுமொழி கேக்கினம். அபிக்குச் சம்மதமோ?' என்று அனுப்பியிருந்தாள்; கருவி அதை எனக்குக் காட்டாமலே கண்ணை மூடிவிட்டது. மலையை விட்டு நாங்கள் வெளியே வந்ததும், என் ஓம் புறப்பட்டுப் போய் அந்தக் கேள்விக்குக் கீழே ஒழுங்காகக் குந்திவிட்டது. றிச்மண்ட் ஹில்லில் கேக்கும் வெட்டிவிட்டார்கள்.

அபி ஜீப்பை ரோட்டோரம் நிறுத்தினாள்.

"அப்பா."

"ஓம்" என்றேன். (நாக்கை அறுக்க வேண்டும்.)

"எனக்குச் சொன்ன ஓம், அது என்ன ஓம்?"

பொய் சொல்லியிருக்கலாம். என்னவோ, அவள் பார்த்த பார்வைக்குப் பொய் வரவில்லை. "அது... கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்ட ஓம் பிள்ளை" என்றேன். "அதுவும் சரியாக் கேக்கேல்லை."

அவள் தலையை ஆட்டிவிட்டு ஜீப்பை எடுத்தாள். லாஸ் வேகாஸ் வரைக்கும், அங்கிருந்து ரொறன்ரோ வரைக்கும், என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. பிளேனில் தண்ணீர் வந்தபோது தன் கப்பை எடுத்து என் பக்கம் வைத்தாள். அது கோபத்தைவிடப் பொல்லாததாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ராணி வழக்கம்போல அளவுக்கு மிஞ்சிச் சமைத்தாள். அவளுக்கென்று கட்டி வைத்த கறி ஃபிரிட்ஜில் இருந்து பழுதாகிப் போனது. ராணி என்னோடு கதைப்பதையும் நிறுத்தி, தேவையானவற்றை மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னாள். பாலைவனத்தில் கூட எனக்கு இவ்வளவு தாகம் எடுக்கவில்லை. பிள்ளை இனி என்னிடம் ஒன்றையும் வந்து சொல்லமாட்டாள் என்ற பயம் நெஞ்சுக்குள் கல்லாகக் கிடந்தது. மூன்றாம் ஞாயிறு, ஒருவருக்கும் சொல்லாமல், காரை எடுத்துக்கொண்டு றிச்மண்ட் ஹில்லுக்குப் போனேன்.

சாதகத்தில் செவ்வாய் இடறுகிறது என்று ஒரு பொய்யை வழி முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு போனேன். மாப்பிள்ளையின் தாய் கதவைத் திறந்தார். தேத்தண்ணி வந்தது. வடை வந்தது. நான் வாயைத் திறந்தேன். பாடமாக்கிய பொய் வரவில்லை.

"அக்கா, நான் ரெண்டு இடத்தில ஓம் சொல்லிப்போட்டன். ஒண்டு சாப்பாட்டுக்கு. மற்றது பிள்ளைக்கு. உங்களிட்டை வந்தது சாப்பாட்டு ஓம்."

அந்த அம்மா தன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப நீங்கள் சோறு திண்டதுக்கோ நாங்கள் கேக் வெட்டினனாங்கள்?"

"ஓம்" என்றேன். இந்த ஓம் மட்டும் மிகச் சரியான இடத்தில் விழுந்தது.

மாடிப்படியில் யாரோ வெடித்துச் சிரித்தார்கள். பல் டொக்டர். சிரித்துச் சிரித்துப் படியிலேயே இருந்துவிட்டான். நல்ல பெடியன். தாய் சிரிக்கவில்லை. வடைத் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

வெளியே வந்து, காருக்குள் இருந்துகொண்டு அபிக்குப் போன் எடுத்தேன். எடுத்தாள்.

"பிள்ளை, நான் றிச்மண்ட் ஹில்லில நிக்கிறன். இல்லையெண்டு சொல்லிப்போட்டு வாறன். அண்டைக்கு உனக்குச் சொன்ன ஓம், சம்மத ஓம்தான். செய்மதியால வந்தபடியாக் கொஞ்சம் பிந்திப்போச்சு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "மெசேஜ் டெலிவர்ட், அப்பா" என்றாள். நான் காருக்குள் இருந்து அழுதேன். அந்த வீட்டு ஜன்னல் திரை விலகியதைப் பார்த்துவிட்டுத்தான் காரை எடுத்தேன்.

ராணியைச் சரிக்கட்ட எனக்கு வழி தெரியவில்லை. கெவினுக்குத் தெரிந்திருந்தது. முதல் தரம் வீட்டுக்கு வந்தபோது, ராணி பெருமூச்சு விட்டுக்கொண்டு கதிரையில் இருப்பதைப் பார்த்து, "அன்ரி, பிரஷர் பாத்தனீங்களோ?" என்று கேட்டு, கையைப் பிடித்துப் பார்த்து, பிரஷர்க் குளிசையை எந்த நேரம் விழுங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். இந்த வீட்டில் முப்பது வருடத்தில் ஒருவரும் தன் பிரஷரைக் கேட்டதில்லை என்று அன்றைக்கே என்னைப் பார்த்துச் சொன்னாள். (சுவரைப் பார்த்து அல்ல.)

ஒரு நாள் கோயிலிலும் மறுநாள் சேர்ச்சிலும் கலியாணம் நடந்தது. சேர்ச்சில் பாதர் அபியிடம், இவரை உன் கணவனாக ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்டார். "ஓம்" என்றாள் அபி. எங்கள் பக்கத்து வாங்கு வரிசையில் இருந்த துபாய்க்காரர், "எதுக்கு ஓம் எண்டு ஒருக்காக் கேளுங்கோ பாதர்" என்றார். பாதரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் ஒருவரும் வெறும் ஓம் சொல்வதில்லை. சாப்பிட்டாச்சோ என்று ராணி கேட்டால், "ஓம், சோறும் கத்தரிக்காயும் சாப்பிட்டனான்" என்று முழு வாக்குமூலம் கொடுக்க வேண்டும்.

போன மாதம் எனக்குக் கடைவாய்ப் பல்லில் தாங்கமுடியாத வலி. எனக்கு வழக்கமாகப் பார்ப்பவர் விடுமுறையில். அவசரத்துக்கு வேறு ஒரு கிளினிக்கில் இடம் கிடைத்தது. கதிரையில் சாய்ந்து, வாயைப் பிளந்து, வெளிச்சத்துக்குக் கண் கூசிப் படுத்திருந்தேன். முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள் குனிந்து பார்த்தன. எங்கோ பார்த்த கண்கள்.

"அங்கிள், இந்தப் பல்லோ நோகுது? புடுங்கட்டோ?"

"ஓம்" என்றேன்.

பல் பிடுங்கும் குறட்டைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையை நிமிர்த்தினான்.

"அங்கிள், நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. எதுக்கு ஓம்?"